சின்யோராவின் புல்வெளிக்கு நான் அடித்த மொட்டை

புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

காதுக்குள் அது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. உள்ளங்கைகள் நடுங்கின. சட்டையில் பெற்றோல் வாசமும் பச்சை வாசமும் கலந்து கிடந்தன. ஆனால் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது ஓர் அற்புதம். வீட்டுப் படியிலிருந்து கடைசியில் நின்ற பைன் மரங்கள் வரைக்கும், இந்தப் பக்கத்து எலுமிச்சை வரிசையிலிருந்து அந்தப் பக்கத்து மதில் வரைக்கும், மருந்துக்கும் ஒரு புல் இல்லை. பழுப்பு நிறத்தில், துப்புரவாக, இப்போதுதான் தட்டி விரித்த பாய் போல நிலம் கிடந்தது.

நாற்பது வயதில், கையால் செய்த முதல் உருப்படியான வேலை இதுதான் என்று எனக்குப் பட்டது. கொஞ்சம் கண்கூடக் கலங்கியது.

அப்போது வீட்டுக்கார அம்மா, சின்யோரா, கோப்பிக் கோப்பையுடன் வெளியே வந்தார்.

கோப்பை விழவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதைகளில் இந்த இடத்தில் கோப்பை விழுவது வழக்கம். அவர் அதைப் பத்திரமாகப் படிக்கட்டுச் சுவரில் வைத்தார். பிறகு இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கத்தினார். பைன் மரத்துப் புறாக்கள் எழும்பி மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கமாகப் போயின. அன்று முழுக்க அவை திரும்பவில்லை.

"என்ன செய்துவிட்டாய்?"

"துப்புரவாக்கினேன், சின்யோரா" என்றேன். பாராட்டுக்கு முன்னால் வரும் கேள்வி என்றுதான் அதை நினைத்தேன்.

ஒரு 'ஸீ' பார்த்த வேலை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாக நினைவில்லை. அந்த வருஷம் ஈஸ்டர் பிந்தி வந்தது என்பது மட்டும் மறக்கவில்லை. பிந்தியிராவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில், துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கும் போர்கோ வெக்கியோவில், ஒரு மீன் கடைக்கு மேலே இருந்த அறையில் நானும் சூசை அண்ணையும் குடியிருந்தோம். அவர் மன்னார் ஆள், கத்தோலிக்கர், எனக்கு ஐந்து வருஷம் முன்னால் வந்தவர். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவன். நான் தூக்கிய மிகப் பெரிய பாரம் நிலப் பதிவுத் தாள் நிறைந்த ஒரு காணிக் கோவை. பலெர்மோவில் அந்த அனுபவத்துக்குக் கேள்வி இல்லாததால், காலையில் பஸ் ஏறி மொண்டெல்லோவுக்குப் போய், ஓர் அவ்வொகாத்தோவின், அதாவது வழக்கறிஞரின், வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வொகாத்தோ அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச்சுக்குப் பொறுப்பு அவர் மனைவி, சின்யோரா.

அந்த வீட்டுத் தோட்டக்காரர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று வடக்கே தொரீனோ நகரத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் சின்யோரா என்னைக் கூப்பிட்டு, "உனக்குத் தோட்ட வேலை தெரியுமா?" என்று கேட்டார்.

"ஸீ" என்றேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் எதற்கும் 'ஸீ' என்றுதான், அதாவது ஆம் என்றுதான், சொல்வோம். சமைப்பாயா? ஸீ. நாய் குளிப்பாட்டுவாயா? ஸீ. குதிரை பராமரிப்பாயா என்று கேட்டவருக்கு ஸீ சொல்லிவிட்டு, மூன்று நாள் அந்த மிருகத்தின் முகத்தைப் பார்த்தபடி சுவரோடு ஒட்டி நின்றவர் சூசை அண்ணை. முதலில் 'ஸீ' சொல்வது, பிறகு பயப்படுவது. அதுதான் ஒழுங்கு.

எனவே மார்ச் மாதத்து ஒரு காலையில் சின்யோரா சொன்னார்: "பாஸ்குவெத்தாவுக்கு இருபது பேர் வருகிறார்கள். புல்லை இப்போதே பார்க்கத் தொடங்கு."

பாஸ்குவெத்தா என்பது ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள். அன்று பலெர்மோவே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய், எங்கே புல் கண்டாலும் குந்தி, கூனைப்பூ என்ற முட்செடியின் மொட்டைத் தணலில் சுட்டுச் சாப்பிடும். சின்யோரா வீட்டில் புல் இருந்ததால் சொந்தக்காரர் எல்லாரும் அங்கேதான் குந்துவார்கள்.

விருந்தாளி வருகிறார்கள், புல்லைப் பார் என்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஊர் வாசகர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் புல் நின்றால் ஒன்று அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது இருக்கிற ஆளால் உபயோகம் இல்லை. பாம்பு வேறு வரும். கலியாணம், சாமத்தியம், திவசம், பெண் பார்க்க வருவது, எதுவானாலும் முதல் வேலை உழவாரத்தை எடுத்துப் புல்லை அடியோடு செருக்கி, கூட்டி, தண்ணீர் தெளிப்பது. வெறும் மண் தெரிந்தால்தான் அது மரியாதை.

நான் மரியாதை செய்தேன்.

மெஷினின் சில்லுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தடி இருந்தது. அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். கச்சேரியில் முதலாம் தரம் என்றால் உயர்ந்தது, ஐந்தாம் தரம் என்றால் பியோன். யோசிக்காமல் ஒன்றில் போட்டேன். மெஷின் முக்கியது, இருமியது, இரண்டு தடவை நின்றது. நான் விடவில்லை. நீளவாட்டில் ஒரு தரம், குறுக்குவாட்டில் ஒரு தரம். பிறகு வாரிக் குவித்து, மதிலோரம் கொண்டுபோய்க் கொட்டி, மிஞ்சியதைக் கையால் பிடுங்கினேன்.

புல் வந்தால் கடதாசி

சின்யோராவின் இத்தாலியனைத் தமிழில் தருகிறேன். சத்தத்தை வாசகர்கள் தாங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

"பதினைந்து வருஷம்! அந்த விதை இங்கிலாந்திலிருந்து வந்தது!"

"சின்யோரா, எங்கள் நாட்டில் நல்ல நாளுக்கு முன்னால்..."

"உங்கள் நாட்டில் என்ன?"

"புல்லை எடுத்துவிடுவோம்."

"எடுத்துவிட்டு?"

"மண்."

"மண்ணை என்ன செய்வீர்கள்?"

"கூட்டுவோம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கணம் கோபம் போய், வேறு ஏதோ வந்தது. பிற்காலத்தில் எனக்கும் அதே நோய் பிடித்ததால் அதன் பெயர் இப்போது தெரியும். ஆச்சரியம். மண்ணை வளர்த்து மண்ணைக் கூட்டும் ஒரு தேசத்தை அவர் மனதுக்குள் கற்பனை செய்து பார்த்தார். பிறகு மறுபடி புல்வெளியைப் பார்த்துவிட்டார். கோபம் திரும்பி வந்தது.

"பாஸ்குவெத்தா அன்று என் ஆட்கள் மண்ணில் குந்திச் சாப்பிட்டால், செவ்வாய்க்கிழமை நீ இந்த வீட்டில் இல்லை."

"கடதாசி, சின்யோரா?"

"புல் வந்தால் கடதாசி."

கடதாசி என்பது வேறொன்றுமில்லை. இன்னார் என் வீட்டில் வேலை செய்கிறார் என்று நாலு வரி எழுதி வைக்கும் ஒரு கையொப்பம். கோடை தொடங்கும்போது என் பெர்மெஸ்ஸோ, அதாவது தங்கி இருக்கிற அனுமதி, முடிகிறது. அந்தக் கையொப்பத்தைக் கொண்டுபோய்க் குவெஸ்தூராவில் பொலிஸ்காரரிடம் கொடுத்தால் புதுப்பிப்பார்கள். புதுப்பித்தால்தான் ரதியைக் கூப்பிடலாம். ரதி என் மனைவி. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருஷமாக இருக்கிறாள். ஈஸ்டர் முடியட்டும், எழுதித் தருகிறேன் என்று சின்யோரா முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கின்மேல்தான் நான் மெஷினை ஓட்டியிருந்தேன்.

"அப்ப ஆர் தின்னுறது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொலித்தேயாமா அரங்குக்குக் கிட்ட இருந்த டெலிபோன் கூண்டுக்குள் நின்று ரதியோடு கதைத்தேன்.

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்குது?"

"ஒண்டுமில்லை. புல்லு வெட்டினனான்."

"ஆர், நீங்களோ?" சிரித்தாள். "வீட்டிலை விளக்குமாறு எந்த மூலையிலை நிக்கிறதெண்டும் உங்களுக்குத் தெரியாதே."

"இப்ப தெரியும்."

நடந்ததைச் சொன்னேன். நீளவாட்டு, குறுக்குவாட்டு எல்லாம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, எனக்கு விளங்கேல்லை. புல்லைச் செருக்கினதுக்கோ அவ கத்தினவ?"

"ஓம்."

"வளக்கிறவையோ அங்கை புல்லை? மாடு நிக்குதோ?"

"மாடு இல்லை."

"ஆடு?"

"ஆடும் இல்லை."

"அப்ப ஆர் தின்னுறது?"

"ஒருத்தரும் தின்னுறேல்லை. பாக்கிறது."

ரதி யோசிக்கும்போது மூக்கைத் தடவுவாள். அந்தச் சத்தம் லைனில் கேட்டது போல இருந்தது.

"இரண்டு வருஷமா நான் இந்த லொட்ஜிலை கிடக்கிறன். நாளைக்கு நாளைக்கு எண்டு சூட்கேசைக்கூட முழுக்கத் திறக்கேல்லை. இப்ப எல்லாம் அங்கை புல்லு முளைக்கிறதிலை வந்து நிக்குது. அப்பிடியோ?"

"அப்பிடித்தான் சொல்ல வேணும்."

"அப்ப இஞ்சை என்ன கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? போய்த் தண்ணி விடுங்கோ" என்றாள். வைத்துவிட்டாள்.

யார் பார்க்கிறார்கள்?

தண்ணீர் விட்டேன். ஐந்து வாரம் விட்டேன். விடியவே பஸ் பிடித்துப் போய், வெயில் ஏறுவதற்குள் ஒரு தரம், வீட்டு வேலை முடிந்து கிளம்பு முன் ஒரு தரம். குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலைக்கு ஒரு குணம் உண்டு. மனிதன் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவான்.

என் முதல் கேள்வி: பார்ப்பதற்கு என்றால் யார் பார்க்கிறார்கள்? அந்த வீட்டில் தோட்டப் பக்கத்து ஜன்னல் பலகைகள் வெயிலுக்குப் பயந்து எப்போதும் மூடியே கிடந்தன. அவ்வொகாத்தோ காலையில் காருக்குப் போகும்போது வீட்டுக்கு முன்பக்கத்தால் போவார். ஆக, வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாளும் அந்தப் புல்லைப் பார்த்த ஒரே ஆள் தொரீனோவுக்குப் போன தோட்டக்காரர்தான். அவரும் போய்விட்டார். இனி நான். ஒரு மூலஸ்தானத்தைக் கட்டிவிட்டு, அதைப் பூட்டிவிட்டு, பூசைக்கு ஓர் ஆளை மட்டும் வைத்திருக்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் துணிந்து சின்யோராவிடமே கேட்டேன். "சின்யோரா, கோபிக்கக்கூடாது. இந்தப் புல் எதற்கு?"

அவர் நிறைய நேரம் யோசித்தார். பதில் இருக்கும் என்று நம்பித் தேடியவர் போல.

"என் அம்மா வீட்டில் புல் இருக்கவில்லை" என்றார் கடைசியில். "அதனால்தான் என்று நினைக்கிறேன்."

இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊரில் வானொலிப் பெட்டி இப்படித்தான் பரவியது.

மொட்டை நிலத்தில் வேறு சில ஆராய்ச்சிகளும் செய்தேன். புல் இல்லாததால், புல்லுக்குள் அதுவரை இருந்தவை எல்லாம் வெளியே தெரிந்தன. பாதி மக்கிய டெனிஸ் பந்து. வெள்ளிக் கரண்டி ஒன்று, முந்தின ஏதோ பாஸ்குவெத்தாவில் யாரோ தொலைத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சின்யோரா வாங்கிக்கொண்டார், முகம் மட்டும் இளகவில்லை. பிறகு நத்தைகள். தங்கள் நாடு ஒரே நாளில் காணாமல் போனதால் எங்கே போவதென்று தெரியாமல் எலுமிச்சை மரத்தடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றோடு எனக்கு ஒரு கூச்சம் இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் தினமும் ஏணியில் ஏறி எட்டிப் பார்ப்பார். வெயிலில் சுருங்கிய முகம், வாயில் அணைந்த சிகரெட். எனக்குப் 'பர்பியெரே' என்று பெயர் வைத்திருந்தார். முடி வெட்டுகிறவர்.

"ஓய், பர்பியெரே! தலைமுடி வளர்ந்ததா?"

"இன்னும் இல்லை."

"கவலைப்படாதே. எனக்கும் முப்பது வருஷமாக வளரவில்லை!" என்று தொப்பியைக் கழற்றிக் காட்டுவார்.

அறைக்குத் திரும்பினால் சூசை அண்ணை.

"என்ன கிளாக்கர், இண்டைக்கு ஏதும் உயிர் தப்பினதோ?"

"ஒண்டும் இல்லை, அண்ணை."

"ஞாயிற்றுக்கிழமை என்னோடை மலைக்கு வாரும். சாந்தா ரொசாலியாவிட்டைக் கேட்டுப் பாப்பம்."

"நான் சைவக்காரன் எல்லே."

"அவ பெர்மெஸ்ஸோ பாக்கிறேல்லை. வாரும்."

பலெர்மோ நகரத்தின் காவல் புனிதை மலை உச்சியில் ஒரு குகைக்குள் இருக்கிறார். பாதி யாழ்ப்பாணமும் கால்வாசி மன்னாரும் ஞாயிறு காலையில் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அன்று எனக்கு முன்னால் நின்றவர்கள் பிள்ளை கேட்டார்கள், சுகம் கேட்டார்கள், தம்பியை எல்லை கடத்திவிடச் சொல்லிக் கேட்டார்கள். என் முறை வந்தபோது வெட்கமாக இருந்தது. இத்தனை பேருடைய துன்பத்துக்கு நடுவில் போய்ப் புல் கேட்பதா? கடைசியில், பழகிய முறையில், மனதுக்குள் ஒரு விண்ணப்பம் எழுதினேன். பொருள்: புல். தங்கள் கீழ்ப்படிவுள்ள.

நாலு காலில்

மூன்றாவது வாரம். ஆரஞ்சுத் தோடை மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன. காற்றில் அந்த வாசம் அடிக்கும்போது நெஞ்சில் எந்தப் பாரம் இருந்தாலும் மனிதன் ஒரு நிமிஷம் நின்றுவிடுவான். நானும் குழாயோடு நின்றேன். அப்போதுதான் பழுப்புக்கு நடுவில் ஓரிடத்தில் பச்சையாக ஏதோ ஒன்று கண்ணில் பட்டது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பச்சைதான். முழங்காலில் இருந்தேன். போதவில்லை. கையையும் ஊன்றி, மூக்கு மண்ணில் முட்டப் பார்த்தேன்.

மெல்லிய கொடி ஒன்று தரையோடு ஓடிக்கொண்டிருந்தது. கணுவுக்குக் கணு வேர். கணுவுக்குக் கணு இரண்டு கூரான இலை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

அறுகு.

இங்கிலாந்து விதை இல்லை. எங்கள் வெங்காயத் தோட்டங்களில் கிடக்கிற அதே அறுகு. கமக்காரன் கொத்திக் கொத்திக் கை சோர்ந்து, எரித்து, உழுது, மதிலுக்கு வெளியே எறிந்து, பிறகும் ஒரு கணு மண்ணில் விட்டுப்போனால் அடுத்த மழைக்குத் தலை நீட்டுகிற அந்தச் சாகாவரம் பெற்ற சாதி. பதினைந்து வருஷமாக இங்கிலாந்துப் புல்லுக்கு அடியில், சத்தம் போடாமல், விலாசம் பதியாமல், பெர்மெஸ்ஸோ இல்லாமல் இருந்திருக்கிறது. மேலே இருந்த கனவான்களை நான் வழித்துத் துடைத்ததும் வெயில் பட்டு வெளியே வந்துவிட்டது.

நான் சிரித்தேன். நாலு காலில் நின்றபடி, சத்தமாக, நிறுத்த முடியாமல்.

ஏணியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கும் ஆவல் தாங்காமல், "என்ன அங்கே?" என்றார்.

ஒரு துண்டைப் பிடுங்கி மதிலுக்கு மேலால் கொடுத்தேன்.

"கிராமீஞ்ஞா!" என்று துப்பினார். "பேய். இதைக் கொல்ல நான் பட்ட பாடு!" பிறகு என் நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டின் மூடிய ஜன்னல்களைப் பார்த்தார். சுட்டுவிரலால் கண்ணுக்குக் கீழே தோலை இழுத்துக் காட்டினார். கள்ளா, விளங்கிவிட்டது, நான் வாய் திறக்கமாட்டேன் என்று சிசிலியில் அதற்கு அர்த்தம்.

அன்றைக்கு ஒரு பிடி அறுகை அறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

"இதென்ன நியாயம்?" என்றார் சூசை அண்ணை. "கேட்டது அவவிட்டை. நன்றி சொல்லுறது இவரிட்டையோ?"

"அவை ரெண்டு பேரும் கதைச்சுத் தீர்க்கட்டும், அண்ணை."

"எதுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுதிரியும் கொளுத்திவிடும். ஏன் வீண் சோலி."

மூன்றில் ஒன்று

அறுகு ஓடும் வேகத்தை வெங்காயக்காரர் வயிறெரிந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த முதல் தமிழன் நானாக இருக்கலாம். நாலாவது வாரம் தீவு தீவாகப் பச்சை. பிறகு தீவுகள் ஒன்றோடொன்று கைகோத்தன. பெரிய வெள்ளிக்கிழமை பார்த்தபோது நிலம் மூடியிருந்தது. ஆனால் அது புல்வெளி இல்லை. ஓரிடத்தில் கணுக்கால் உயரம், ஓரிடத்தில் விரல் உயரம், ஒன்றின்மேல் ஒன்று படுத்து, சீப்புக் காணாத தலை போலக் கிடந்தது.

வெட்ட வேண்டும். மறுபடி அந்த மெஷினை எடுக்க வேண்டும்.

இந்த முறை நான் படித்துவிட்டே எடுத்தேன். கருவிகள் வைக்கும் கொட்டிலில், ஒரு பிளாஸ்ரிக் பைக்குள், மெஷினோடு வந்த சிறு புத்தகம் கிடந்தது. ஆறு பாஷையில் ஒன்று ஆங்கிலம். மாதக்கணக்காக எனக்கு விளங்கும் பாஷையில் எதையும் வாசிக்காதவன் நான். பஸ்ஸில் போகவும் வரவும் அதை ஒரு நாவல் போல வாசித்தேன். பற்றவைக்கும் பாகத்தைப் பற்றிய அத்தியாயம் விறுவிறுப்பாக இருந்தது. பதினோராம் பக்கத்தில் என் குற்றப்பத்திரிகை இருந்தது: எண் ஒன்று என்பது மிகத் தாழ்ந்த வெட்டு. எந்த ஒரு தடவையிலும் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது.

சனிக்கிழமை காலை தடியை நாலில் போட்டேன். சின்யோரா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விருந்துக்காரர் இருக்கும் பக்கம் மட்டும்" என்றார். "பைன் மரப் பக்கத்தைத் தொடாதே. இன்னொரு தரம் முழுவதையும் உன்னிடம் தரமாட்டேன்."

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுவையில் அது பிடித்தது.

முதல் வரிசை முழுக்க நான் பார்த்தது சில்லை மட்டுந்தான். மண் தெரிகிறதா? இல்லை. எலுமிச்சை மரத்தடியில் திருப்பி, போன தடத்தின்மேல் ஒரு சில்லை ஏற்றி, மறுபக்கமாக வந்தேன். மூன்றாவது வரிசையில் தலையைத் தூக்கினேன். போன வரிசை வெளிர் பச்சை, வந்த வரிசை கரும்பச்சை. நான் எதுவும் செய்யவில்லை, புல் படுத்த திசை மட்டுந்தான் வேறு. ஆனாலும் யாரோ அளந்து கோடு போட்டது மாதிரி இருந்தது.

ஐந்தாவது, ஆறாவது வரிசையில் ஏதோ நடந்தது. இதை இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கைப்பிடியின் நடுக்கம் முழங்கை வரை வந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. வெட்டிய புல்லின் வாசம், வெள்ளரிக்காயை நறுக்கின மாதிரி, குளிர்ச்சியாக முகத்தில் அடித்தது. கடற்காற்று ஒரு பக்கத்துக் காதில் மட்டும் பட்டது, திரும்பி வரும்போது மற்றக் காதில். ஐந்து வாரமாகக் கண் திறந்ததும் வந்து நெஞ்சில் குந்தும் கடதாசியும் குவெஸ்தூராவும் எங்கே போயின என்று தெரியவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தது வரிசைகளை மட்டுந்தான்.

பதினாறு வருஷம் கச்சேரியில் வேலை செய்தேன். ஒரு கோவையை மூடினால் அடுத்த கிழமை அது இரண்டாகத் திரும்பி வரும். முடித்தது எது, முடியாதது எது என்று ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. இங்கே முடித்தது இடது பக்கம் இருந்தது, முடியாதது வலது பக்கம் இருந்தது. நடுவில் நான் நடந்துகொண்டிருந்தேன். இதற்குத்தானா மனிதர் புல் வளர்க்கிறார்கள்? பார்ப்பதற்கு இல்லை, வெட்டுவதற்கா? அப்படியானால் இத்தனை வருஷமாகச் சின்யோரா தன் புல்வெளியின் நல்ல பாகத்தைத் தோட்டக்காரருக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

திங்கள், செவ்வாய்

பாஸ்குவெத்தா அன்று இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கூனைப்பூவின் புகையும் ஆட்டுக்குடல் சுட்ட புகையும் மதில் தாண்டிப் போயின. நான் தட்டு எடுத்துக்கொண்டு குறுக்கும் மறுக்கும் நடந்தேன், கண் மட்டும் புல்லில். பெண்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். தடித்த மாமா ஒருவர் அதில் படுத்துக் குறட்டை விட்டார். மண்ணில் குந்தி யாரும் சாப்பிடவில்லை. அதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்.

ஆனால் சின்யோரா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்று என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. ஒரு தடவை குனிந்து, புல்லை விரலால் தடவி, ஒரு துண்டைக் கிள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். இது தன் புல் இல்லை என்று கண்டுகொண்டாரோ? எல்லாரும் போனபின், "நாளைக்கு" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை போனேன். அவர் வெளியே வரவில்லை. காத்திருந்து பார்த்தேன். சும்மா நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பைன் மரப் பக்கம் இன்னும் வெட்டாமல், சடை பிடித்துக் கிடந்தது. தொடாதே என்று சொன்ன இடம். வேலையே போகப் போகிறதென்றால் அதையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று மெஷினை எடுத்தேன்.

கடைசி இரண்டு வரிசை மிச்சம் இருந்தபோது சின்யோரா வாசலுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

அவ்வளவு தூரத்தில் எல்லாத் தாளும் வெள்ளைதான். வேலை செய்கிறார் என்று எழுதிய தாளாக இருக்கலாம், இனி வேலை இல்லை என்று எழுதிய தாளாகவும் இருக்கலாம். அவர் அதைத் தூக்கி ஆட்டினார். ஏதோ கூப்பிட்டார், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.

ஓடிப்போயிருக்க வேண்டும். இரண்டு வருஷமாக ரதி காத்திருந்த தாள் அது. மூன்று மாதமாக நான் கனவில் கண்ட தாள். எந்த நிதானமுள்ள மனிதனும் ஓடியிருப்பான்.

நான் ஒரு கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து, "கொஞ்சம் பொறுங்கள்" என்று சைகை காட்டினேன். திரும்பி நடந்தேன்.

ஏன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள். முதல் வரிசையை முடித்தேன். பைன் மரத்தடியில் திருப்பினேன். இரண்டாவதை முடித்தேன். அவசரப்படவில்லை. நடுவில் ஒருக்கால் ஓரக்கண்ணால் பார்த்தபோது சின்யோரா கீழ்ப்படியில் குந்தியிருந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைப் புல்லில் வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படி இருந்து கண்டதில்லை.

மெஷினை நிறுத்திவிட்டுக் கிட்டப் போனேன். அவர் தாளை நீட்டினார். நாலு வரி. கீழே நீல மையில் கையொப்பம். அவ்வொகாத்தோவின் முத்திரையும் குத்தியிருந்தது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துக்கள் கொஞ்சம் நீந்தின.

"கிராத்ஸியே, சின்யோரா" என்றேன். நன்றி, அவ்வளவுதான்.

அவர் எனக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைச் சுருக்கினார். கையை நீட்டிக் காட்டினார்.

"அந்த மூன்றாவது பைனுக்குப் பக்கத்தில் ஒரு கீற்று விட்டுவிட்டாய்."

திரும்பிப் பார்த்தேன். ஓம், விட்டிருந்தேன். இரண்டு தடங்களுக்கு நடுவில், ஒரு சாண் அகலத்துக்கு.

கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் பூட்டினேன். போய்க் கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது.